கார் துறப்புச் சீட்டு

இத்தனை விவகாரத்துக்கும் காரணம் ஏழாம் நம்பர் பஸ் கண்டக்டர்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். மனு எழுதினார்.

ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. மலைக்கு மேலே ஓர் ஏரி. அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ காரில் வருகிறார்கள். போகும் வழியில் பாதி தூரத்தில் பெரிய ஆஸ்பத்திரி. அதைப் பார்க்க யாரும் வருவதில்லை, போயே ஆக வேண்டியவர்கள் போகிறார்கள். கண்டக்டரின் மனைவி அப்படிப் போகிறவர். இரண்டு சிறுநீரகமும் வேலையை விட்டுவிட்டதால் வாரத்தில் மூன்று நாள், காலை எட்டரைக்கு, டயாலிசிஸ் மெஷினோடு நான்கு மணி நேரம் கட்டுண்டு படுத்திருக்க வேண்டும்.

மெஷின்கள் எட்டு. வெளியே காத்திருப்போர் பட்டியலில் முப்பத்தொரு பேர். மெஷினைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் நல்ல பிள்ளை. ஆனால் சட்டம் அவர் கையில் இல்லை. "மூணு தடவை லேட்டா வந்தா அந்த நேரத்தை அடுத்தவங்களுக்குக் குடுத்துரணும் அண்ணே. அப்புறம் அக்கா பேரு முப்பத்தோரு பேருக்குப் பின்னால போயிரும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். முப்பத்தோரு பேருக்குப் பின்னால் போனால் என்ன ஆகும் என்று கண்டக்டர் கேட்கவில்லை. அதைக் கேட்கிற தைரியம் அவருக்கு இல்லை.

மலைப்பாதை ஒன்று, பஸ்ஸும் ஒன்று. காலை ஏழு பத்துக்குக் கிளம்பினால் சுற்றுலா வந்தவர்கள் பல் விளக்கி முடிப்பதற்குள், முப்பத்தைந்து நிமிடத்தில், ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடும். வருகிற வழிதான் வினை. மதியம் ஒன்றரைக்குப் பாதை முழுக்கக் கார். ஒரு காருக்கு ஒருவரோ இருவரோ, மீதி இடத்தில் தொப்பியும் தண்ணீர் பாட்டிலும். நடுவில் நாற்பது பேரோடு பஸ் நிற்கும். ரத்தம் முழுவதையும் வெளியே அனுப்பித் திரும்ப வாங்கிக்கொண்ட களைப்பில் அந்த அம்மாள் மூன்று மணி நேரம் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வருவார். டிக்கெட் கிழித்துக்கொண்டே அதைப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த எரிச்சலில்தான் கண்டக்டர் எழுதினார்:

"ஐயா, ஏரிக்கு வருகிறவர்கள் காரைக் கீழே நிறுத்திவிட்டு பஸ்ஸில் வந்தால் பாதை திறந்துவிடும். இன்னொரு பஸ் விட்டால் போதும். வணக்கம்."

மனைவி படித்துப் பார்த்தார். "எழுத்து நல்லாத்தான் இருக்கு. யாருங்க இதைப் படிக்கப் போறா?"

படித்தார்கள். அதுதான் கெட்ட காலம்.

எட்டு மாதத்தில் ஓர் அலுவலகம் உருவானது. பெயர், சுற்றுலாப் பயணியரைத் தனியார் வாகனத்திலிருந்து பொதுப் போக்குவரத்துக்கு மனமாற்றும் இயக்ககம். மூன்று மாடி, அறுபத்து நான்கு ஊழியர்கள், அறுபத்து நான்கு பேருக்கும் வாகனம் நிறுத்த நிழலான இடம். வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் கண்டக்டரின் மனு மாட்டப்பட்டிருந்தது. "இன்னொரு பஸ் விட்டால் போதும்" என்ற வரி மட்டும் சட்டத்தின் விளிம்புக்குள் போய்விட்டது.

இயக்குநர் அவரை வரவழைத்தார். மேசை மேல் பொம்மை பஸ் ஒன்று இருந்தது. அதில் கண்டக்டர் பொம்மையும் இருந்தது, பயணிகள் இல்லை.

"நீங்கதான் எங்க விதை" என்றார் இயக்குநர். "உக்காருங்க."

கண்டக்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "சார், புது பஸ் எப்ப வரும்?"

இயக்குநர் சிரித்தார். "பஸ் விடுறது நம்ம வேலை இல்லைய்யா. நாம மனசை மாத்துறவங்க. இன்னொரு பஸ் விட்டா என்ன ஆகும், யோசிச்சீங்களா? ஜனங்க ஏறிடுவாங்க."

"அதுக்குத்தானே சார் கேட்டேன்."

"சௌகரியமா இருக்குன்னு ஏறுறது மனமாற்றமா? அது சந்தர்ப்பவாதம். உக்கார இடமில்ல, எப்ப வரும்னு தெரியாது, வந்தாலும் நிக்குமான்னு தெரியாது. அப்படிப்பட்ட பஸ்ஸுல ஒருத்தன் வந்து ஏறுறான் பாருங்க, அவன்தான் உண்மையிலேயே மாறினவன். உங்க ஏழாம் நம்பர் அதுக்கு ரொம்பப் பொருத்தம்."

கண்டக்டருக்கு அது பாராட்டா திட்டா என்று விளங்கவில்லை. அவர் விளங்கிக்கொள்வதற்குள் போட்டோ எடுக்கக் கூட்டிப் போனார்கள். வலது கையை நீட்டி, பல் தெரியச் சிரித்து, அரை நாள் நிற்க வைத்தார்கள். மறுவாரம் ஊரில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் அவர் கையை நீட்டிக்கொண்டிருந்தார். "காரை விடுங்கள், கை கொடுங்கள்" என்று கீழே எழுதியிருந்தது. வீட்டு எதிர்ச்சுவரிலும் ஒட்டியிருந்தார்கள்.

"வீட்டுக்குள்ள இருக்கற ஆளு இப்படி ஒரு நாளாவது சிரிச்சிருக்காரா?" என்றார் மனைவி.

தொடக்க விழா ஒரு புதன்கிழமை, பஸ் நிலையத்தில். புதன் மனைவியின் மெஷின் நாள். பொதுப் போக்குவரத்தின் பெருமையை எடுத்துச் சொல்ல நாற்பத்திரண்டு அதிகாரிகள் நாற்பத்திரண்டு காரில் வந்து, நிலையத்தின் இரண்டு வாயிலையும் அடைத்து நிறுத்தினார்கள். ஏழாம் நம்பர் நடுவில் மாட்டிக்கொண்டது. டிரைவர் ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்குப் பொறுமை என்றே பெயர் விழுந்துவிட்டது. பத்தொன்பது வருட உத்தியோகத்தில் ஒரு தடவைகூட ஹாரன் அடிக்காதவர். அன்றும் அடிக்கவில்லை. கார்கள் எடுக்கப்பட்டபோது மணி பத்து.

ஆஸ்பத்திரியில் டெக்னீஷியன் மீதி இருந்த நேரத்துக்கு மட்டும் மெஷினை மாட்டிவிட்டார். நோட்டில் ஒரு கோடு போட்டார். "ஒண்ணு அண்ணே" என்றார், கண்டக்டர் முகத்தைப் பார்க்காமல்.

பிறகு புள்ளிவிவர அலுவலர் வந்தார். மெலிந்த மனிதர், நேர்மையானவர், அதனால்தான் ஆபத்தானவர். முதல் மாத அறிக்கையில் பஸ்ஸில் ஏறியவர்கள் ஆறாயிரத்துச் சொச்சம், மனம் மாறியவர்கள் பூஜ்யம் என்று எழுதிவிட்டார். இயக்குநர் பதறிப்போய்க் கூட்டம் போட்டார். கண்டக்டரையும் விதை என்ற முறையில் கூப்பிட்டிருந்தார்கள்.

"ஏற்கெனவே பஸ்ஸுல வர்றவர் மனசை நாம எப்படி சார் மாத்த முடியும்?" என்றார் புள்ளிவிவர அலுவலர். "அது ஏற்கெனவே மாறிக் கிடக்கு. காருல வந்து, காரை விட்டு இறங்கி, பஸ்ஸுல ஏறணும். அதுதான் ஒரு மனமாற்றம். கார் இல்லாதவங்க ஏறினா இடந்தான் அடையுது. நம்ம விழுக்காடு கெடுது."

"அவங்களுக்கு வேற பஸ் கிடையாதே சார்" என்றார் கண்டக்டர்.

"அது எங்க வரம்புக்குள்ள வராதுங்க" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

இப்படியாகப் பிறந்ததுதான் கார் துறப்புச் சீட்டு. பஸ் நிலையத்திலிருந்து அறுநூறு மீட்டரில் ஒரு பெரிய மைதானத்தை வளைத்துத் துறப்பு மைதானம் என்று பெயரிட்டார்கள். காரில் உள்ளே வந்து, காரைத் துறப்பதாகக் கவுண்டரில் கையெழுத்திட்டால் சீட்டு தருவார்கள். சீட்டு இருந்தால் பஸ். ஏழாம் நம்பர் இனி மைதானத்துக்குள்ளிருந்துதான் கிளம்பும். வழியில் யாரையும் ஏற்றக் கூடாது. மைதானத்துக்கு நடந்து வருகிறவர்களுக்கு வாசல் இல்லை. வாசல் கட்டினால் நடந்து வருவதை ஊக்குவித்ததாகிவிடும், அது வேறு துறை.

முதல் வாரத்தில் ரயிலில் வந்திறங்கிய வயதான தம்பதி முதுகில் பையோடு மைதானத்து வேலியருகே நின்றார்கள். "நாங்க எங்க போனாலும் பஸ்தான். எங்களுக்குக் கார் ஓட்டவே தெரியாது" என்று பெருமையாகச் சொன்னார்கள். கவுண்டர்காரர் வேலிக்கு உள்ளிருந்து அவர்களை இரக்கத்தோடு பார்த்தார்.

"அப்ப உங்களால எங்களுக்குப் பிரயோஜனம் இல்லையே சார். ஒரு காரைப் பிடிச்சு உள்ள வாங்க, துறந்துடலாம்."

அவர்கள் மீசையைப் பிடித்தார்கள். மீசை டாக்சி ஓட்டுகிறவர். முன்பெல்லாம் ஏரிக்கு நாளுக்கு இரண்டு சவாரி போய் வருவார். இப்போது பஸ் நிலையத்துக்கும் மைதானத்துக்கும் நடுவில் நாற்பது சவாரி. "செகண்ட் கியரைத் தாண்டி மாசக்கணக்காச்சு. வண்டி மூணாவது கியரையே மறந்துடுச்சு" என்று கண்டக்டரிடம் சொன்னார். ஊரில் பதினோரு டாக்சி இருந்தது இரண்டு மாதத்தில் எழுபது ஆனது. காய்கறி விற்கிறவர், லாட்ஜில் படுக்கை விரிக்கிறவர், மேலே வேலைக்குப் போகிற அத்தனை பேரும் பஸ் ஏறுவதற்காகக் கார் ஏறினார்கள். கடைசியில் கார் ஏறியாகிவிட்டது, அப்படியே மேலே போய்விடலாமே என்று போகவும் ஆரம்பித்தார்கள்.

சீட்டு நடைமுறைக்கு வந்த முதல் மெஷின் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்டக்டரின் மனைவி ஆறே முக்காலுக்கே மீசையின் டாக்சியில் மைதானத்துக்குள் வந்துவிட்டார். கவுண்டர் எட்டு மணிக்குத்தான் திறக்கும் என்று பலகை மாட்டியிருந்தது. பஸ் ஏழு பத்துக்குக் கிளம்ப வேண்டும். பஸ்ஸுக்குள் ஒரு கண்காணிப்பாளர் கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"சார், அவங்க என் வீட்டுக்காரம்மா. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"சீட்டு?"

"கவுண்டர் இன்னும் தொறக்கலையே சார்."

"அப்ப இன்னும் துறக்கலை. பஸ்ஸை எடுங்க. நேரம் தவறாமை முக்கியம்."

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். காற்று வரவில்லை. மனைவி கயிறு கட்டிய வரிசைக்குள் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீர் கோத்துக் கணுக்கால் செருப்பு வாருக்கு வெளியே பிதுங்கியிருந்தது. போங்க, வேலையைக் கெடுத்துக்காதீங்க என்று கையால் சாடை காட்டினார். கண்டக்டர் விசில் அடித்தார். நாற்பத்திரண்டு காலி இருக்கைகளோடு பஸ் மிகச் சரியாக ஏழு பத்துக்குக் கிளம்பியது. முப்பது வருடம் கழித்துக் கேட்டாலும் அந்த விசிலைத் தான் அடித்திருக்கக் கூடாது என்றுதான் அவர் சொல்வார்.

மனைவி எட்டு மணிக்குச் சீட்டு வாங்கி, அடுத்த சவாரியில் வந்து சேர்வதற்குள் எட்டரை எப்போதோ தாண்டியிருந்தது. "ரெண்டு அண்ணே" என்றார் டெக்னீஷியன். இந்தத் தடவை தோளைத் தொட்டுச் சொன்னார்.

அதன் பிறகு அவர்கள் வழி கண்டுபிடித்தார்கள். சீட்டை முதல் நாள் மாலையே வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று விதியில் ஒரு மூலையில் இருந்தது. மெஷின் நாளுக்கு முந்தைய மாலைகளில் அந்த அம்மாள் மீசையின் காரில் போய், அந்தக் காரைத் துறப்பதாகக் கையெழுத்துப் போட்டு, சீட்டோடு அதே காரில் வீட்டுக்கு வருவார். காலையில் மறுபடி அதே காரில் மைதானம், அங்கிருந்து பஸ். நான்கு மாதம் ஒரு நாள் தவறவில்லை. ஒவ்வொரு முறையும் எட்டு இருபதுக்கே மெஷின் முன்னால் இருந்தார்.

"உங்க பஸ்ஸுல ஏற உங்களைக் கல்யாணம் பண்ணது பத்தலை, காரும் வேணும்னு ஆயிப்போச்சு" என்பார் மனைவி. சொல்லிவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு முன்பைவிட அதிகமாக மூச்சு வாங்கியது. கண்டக்டர் அதைக் கவனித்தார், காட்டிக்கொள்ளவில்லை.

ஆண்டு விழா வந்தது. மனம் மாறியவர்கள் நாற்பதாயிரத்தைத் தாண்டியிருந்தார்கள். மலைப்பாதையில் கார்களும் மூன்று மடங்கு ஆகியிருந்தன. அதுவும் நல்ல செய்திதான் என்றார் இயக்குநர், மாற்ற வேண்டிய மனங்கள் பெருகியிருக்கின்றன. புள்ளிவிவர அலுவலர் ஏடுகளைப் புரட்டி, விருது கொடுப்பதற்காக, மிக அதிக முறை காரைத் துறந்த தனிநபரைக் கண்டுபிடித்தார். ஐம்பத்திரண்டு முறை. கண்டக்டரின் மனைவி.

"என்ன ஒரு வைராக்கியம்!" என்று இயக்குநர் உதவியாளரோடு வீட்டுக்கே வந்துவிட்டார். "ஒரே காரை ஐம்பத்திரண்டு தடவை துறந்திருக்கீங்க. பிடிச்ச பொருளை ஒரு தடவை விடுறதே கஷ்டம்மா."

"அது எங்க கார் இல்லைங்க" என்றார் அம்மாள்.

"அடுத்தவங்க காரையும் துறந்திருக்கீங்க! இதையும் விழாவுல சொல்லணும், குறிச்சுக்கய்யா."

விழா வெள்ளிக்கிழமை. வெள்ளியும் மெஷின் நாள். வேண்டாம் என்று கண்டக்டர் கெஞ்சினார். "ஏழு மணிக்கு ஆரம்பிச்சு ஏழரைக்கு விட்டுடுவோம். உங்க பஸ்ஸே மேடைக்குப் பின்னால தயாரா நிக்கும். நீங்க வரலைன்னா துறப்புச் சீட்டையெல்லாம் மறுபரிசீலனை பண்ண வேண்டி வரும்" என்றார் இயக்குநர், சிரித்த முகத்தோடு.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு அந்த அம்மாளை மேடையில் உட்கார வைத்தார்கள். இயக்குநர் காரில் வந்துகொண்டிருந்தார். மைதானத்து வாசலில் நெரிசல். ஏழு நாற்பதுக்கு வந்து சேர்ந்து ஒலிபெருக்கியைப் பிடித்தார். மைதானத்தில் பஸ்ஸுக்காகக் காத்திருந்த கூட்டம் வேறு வழியில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது. ஏழு பத்து மணி முதல் சவாரி விழாவுக்காக ரத்தாகியிருந்தது.

"நான் பெருமையோடு சொல்கிறேன்" என்று ஆரம்பித்தார் இயக்குநர். "இந்த ஓராண்டில் நாங்கள் ஒரு பஸ்கூட வாங்கவில்லை. பஸ் வாங்குவது யாராலும் முடியும். பஸ்ஸே இல்லாமல் பஸ் பயணத்தை வளர்த்துக் காட்டியிருக்கிறோம். நான் இதுவரை அந்தப் பஸ்ஸில் ஏறியதில்லை. ஏன்? ஓர் இடத்தை நான் அடைத்துக்கொண்டால் மனம் மாறுகிற ஒருவருக்கு அது கிடைக்காமல் போய்விடுமே!"

கைதட்டினார்கள். மணி ஏழு ஐம்பது. ஏழு ஐம்பத்தைந்துக்குக் கிளம்பினால்தான் எட்டரை. அந்த அம்மாள் இயக்குநரைப் பார்க்கவில்லை, மேடைக்குக் கீழே நின்ற புருஷனைப் பார்த்தார். முகம் வெளுத்து உதடு வறண்டிருந்தது. மூணு அண்ணே என்று யாரோ கண்டக்டரின் காதுக்குள் சொல்வதுபோல் இருந்தது.

அம்மாள் எழுந்தார். ஒவ்வொரு படியாக மேடையை விட்டு இறங்கினார். ஏற்புரைக்கு முன்பே எழுந்துவிட்டார் என்று யாரோ தடுக்க வந்தார்கள்.

"எனக்கு விருது வேண்டாங்க. பஸ் வேணும்" என்றார்.

ஒலிபெருக்கி அதைப் பிடித்துவிட்டது. "பார்த்தீர்களா! விருதைவிட பஸ்!" என்று கூவினார் இயக்குநர். மறுபடியும் கைதட்டல். அந்த இரைச்சலுக்குள் கண்டக்டர் மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்துப் பஸ்ஸுக்குள் ஏற்றினார். பிறகு வாசலில் நின்று கூட்டத்தைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரி, லாட்ஜு, மார்க்கெட்டு, ஏரி! போறவங்க எல்லாம் ஏறுங்க. சீட்டெல்லாம் வேணாம், ஏறுங்க!"

ஒரு நொடி யாரும் அசையவில்லை. அப்புறம் அத்தனை பேரும் அசைந்தார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார், இந்த முறை காற்று வந்தது. பொறுமை பத்தொன்பது வருடத்துக்கும் சேர்த்து ஹாரனை அழுத்தினார். முன்னால் நின்ற கார்கள் அரண்டு ஒதுங்கின. கண்ணாடியில் கட்டிய விழாத் துணி படபடக்க ஏழாம் நம்பர் மலையேறியது.

எட்டு முப்பத்து மூன்றுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். டெக்னீஷியன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், அந்த அம்மாளின் காலைப் பார்த்தார், நோட்டில் எட்டரை என்று எழுதினார். "இந்தக் கடிகாரம் கொஞ்சம் முன்னால ஓடுதுக்கா. படுங்க."

கண்டக்டருக்கு மெமோ மதியமே வந்துவிட்டது. மனம் மாறாத ஐம்பத்தேழு பேரை எவ்வித ஊக்குவிப்பும் இன்றி நேரடியாக அவர்கள் போக வேண்டிய இடத்துக்குக் கொண்டுசேர்த்தது குற்றம். மறு உத்தரவு வரும்வரை வேலையில்லை. அவர் மனைவியின் ஐம்பத்திரண்டு துறப்புகளும் செல்லாது, இனி சீட்டு கிடையாது. பொறுமையை ஹாரன் இல்லாத வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

அடுத்த மெஷின் நாள் திங்கட்கிழமை. இருவரும் ஐந்தரைக்கே மீசையின் டாக்சியில் ஏறினார்கள். இந்த முறை மைதானத்துக்கு இல்லை, நேராக மலைக்கு. மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் தடுப்பு. அதைத் தாண்டி முன்னால் இருட்டோடு வந்து நிற்கிற கார்கள் நூறுக்குக் குறையாது. தொப்பி போட்ட ஒரு தன்னார்வலர் டாக்சி ஜன்னலைத் தட்டித் துண்டுப் பிரசுரம் நீட்டினார். அதில் கண்டக்டர் கையை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"உங்களை மாதிரி ஆளுங்க இப்படித் தனிக் காருல வர்றதாலதான் சார் இவ்வளவு நெரிசல்" என்றார் தன்னார்வலர். "அவசரமா மருத்துவத்துக்குப் போறவங்க எவ்வளவு கஷ்டப்படுறாங்க தெரியுமா? பஸ்ஸுல போகக் கூடாதா?"

கண்டக்டர் தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னார்வலருக்கு அடையாளம் தெரியவில்லை. படத்தில் இருக்கிற ஆள் சிரிக்கிறாரே.

"போகலாந்தாங்க" என்றார் மனைவி. "ஆனா அந்த பஸ் கண்டக்டர் சீட்டு இல்லாதவங்களையெல்லாம் ஏத்திடுறாராமே. பயமா இருக்கு."

"அந்த ஆளைத் தூக்கிட்டாங்கம்மா, கவலைப்படாதீங்க" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, தன்னார்வலர் ஒரு படிவத்தை நீட்டினார். மனம் மாற மறுப்பவர்கள் நிரப்பிக் கொடுத்தால்தான் தடுப்பைத் திறப்பார்கள். ஒரே கேள்விதான். பேருந்தைத் தவிர்ப்பதற்கான காரணம்: ஆடம்பரம், சோம்பல், அறியாமை. ஏதாவது ஒன்றில் குறியிட வேண்டும். நோய் என்று ஒரு கட்டம் இல்லை. கண்டக்டர் பேனாவைப் பிடித்தபடி மூன்றையும் திரும்பத் திரும்பப் படித்தார்.

மனைவி எட்டிப் பார்த்தார்.

"அறியாமைன்னு போடுங்க" என்றார். "மனு எழுதினீங்கல்ல."

போட்டார். தடுப்பு திறந்தது. டாக்சி ஒரு கார் நீளம் முன்னால் போய் நின்றது. மணி ஆறு பத்து. எட்டரைக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று மனைவி சொன்னார். கண்டக்டர் முன்னால் நிற்கிற கார்களை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார்.